ராத்திரி வான்நோக்கு நிகழ்ச்சிக்குப் பெண் பிள்ளைகள் வருவதில்லை, என்ன செய்யலாம்?

மாடவீதி டீச்சர் கேட்டது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இருபாலர் பள்ளி. போன வருஷம் முன்னாள் மாணவர் ஒருவர் 114 மில்லிமீட்டர் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தார். அதை வைத்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வான்நோக்கு நிகழ்ச்சி நடத்துகிறோம். சனியின் வளையம் தெரிந்த அன்று பையன்கள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

பெண் பிள்ளைகள்தான் வருவதில்லை. பள்ளிக்கு எதிர்த்தெருவில் இருக்கும் இரண்டு பேர் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் சுற்றுக் கிராமங்கள். ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. வீட்டில் விடமாட்டார்கள். விடச் சொல்லி நானும் வற்புறுத்த மாட்டேன், அந்த ரோட்டில் விளக்கே இல்லை.

சரி, பகலில் ஏதாவது செய்வோம் என்று நீர் ராக்கெட் எடுத்தோம். நாலு பேருக்கு ஒரு குழு, இரண்டு பையன், இரண்டு பெண். பாட்டிலை வெட்டியது, சைக்கிள் பம்ப் அடித்தது, பறக்கவிட்டது எல்லாம் பையன்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ எழுது" என்று நோட்டைப் பெண் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டார்கள். அவர்களும் மார்ஜின் போட்டு, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதி அழகாக முடித்துக் கொடுத்தார்கள். பம்ப்பை ஒருத்தியும் தொடவில்லை.

இத்தனைக்கும் கேள்வி கேட்பதில் அவர்கள்தான் முன்னால். சந்திரயான்-3 இறங்கியபோது ரோவர் பதினான்கு நாளுக்கு மேல் ஏன் ஓடாது என்று கேட்டவள் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

பள்ளி நேரத்துக்குள், குழுவாக, கையால் செய்யக்கூடிய விண்வெளி சம்பந்தமான வேலைகள் வேண்டும். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. வீடியோ போட்டுக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்மார்ட் போர்டில் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

---

நிழல்கோல் பதில்:

டீச்சர், தென்காசிப் பக்கம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் அந்தத் தொலைநோக்கியைத் துணி போட்டு மூடி பீரோவில் வையுங்கள். வானியல் என்றாலே ராத்திரி என்று யார் சொன்னது? நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரம் காலை பிரேயரிலிருந்து கடைசி மணி வரைக்கும் தலைக்கு மேலேதான் நிற்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பகலில்தான் வேலை நடக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான், 1909-இல்.

உங்களுக்கு வேண்டியது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முப்பது ரூபாய்க் கண்ணாடி போதும். கறுப்புக் காகிதத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு, சுமார் 1 சென்டிமீட்டர், ஓட்டை போட்டுக் கண்ணாடி மேல் ஒட்டுங்கள். வெயிலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, எதிரே இருக்கும் வகுப்பறைக்குள் ஒளி விழுகிற மாதிரி சாய்க்க வேண்டும். அந்த அறையின் ஜன்னல்களைப் போர்வையால் மூடி இருட்டாக்குங்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் 15 மீட்டர் இடைவெளி இருந்தால் சுவரில் சுமார் 14 சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஓர் ஒளி விழும். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். நம்பாத பிள்ளைகளுக்கு ஓட்டையைச் சதுரமாக வெட்டிக் காட்டுங்கள், அப்போதும் வட்டம்தான் வரும்.

ஒரே ஒரு சட்டம்: கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. கண்ணாடிப் பக்கம் நிற்பவள் சூரியனுக்கும் கண்ணாடிக்கும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இதில் மட்டும் கொஞ்சம் கத்தினாலும் பரவாயில்லை.

பிம்பத்தின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் வட்டம் முழுசாகக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். "யாருடி கண்ணாடிய ஆட்டினது?" என்று சண்டை வரும். யாரும் ஆட்டவில்லை, பூமி சுற்றுகிறது. நான் அதைச் சொல்லவே மாட்டேன். சண்டை முற்றி, ஒருத்தி தானாகச் சொல்லும்வரை காத்திருப்பேன்.

அப்புறம் கணக்கு. பிம்பத்தின் அகலத்தையும் தூரத்தையும் அளக்கட்டும். தூரத்தை அகலத்தால் வகுத்தால் 107-ஐ ஒட்டி வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிஜ சூரியனுக்கும் அதே விகிதம்தான், அதனால் அதை 107-ஆல் வகுத்தால் 14 லட்சம் கிலோமீட்டர், அதுதான் சூரியனின் விட்டம். இஞ்ச் டேப்பால் சூரியனை அளந்துவிட்டீர்கள். தையல் கற்றுக்கொள்கிற பிள்ளை வகுப்பில் ஒருத்தியாவது இருப்பாள், டேப் அவள் கொண்டு வருவாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. சுவரில் இருக்கும் 14 சென்டிமீட்டர் வட்டத்தையே சூரியன் என்று வைத்துக்கொண்டால், அதே அளவீட்டில் பூமி எங்கே இருக்க வேண்டும்? சரியாக 15 மீட்டர் தள்ளி, அந்தக் கண்ணாடி இருக்கிற இடத்தில். பூமியின் அளவு 1.3 மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நிலா அதிலிருந்து 4 சென்டிமீட்டருக்குள்ளே, தூசி மாதிரி. வியாழன் ஒரு சின்ன கோலிக்குண்டு, சுவரிலிருந்து 78 மீட்டர், அநேகமாக உங்கள் பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில். நெப்டியூனுக்கு 450 மீட்டர் நடக்க வேண்டும், அதாவது பஸ் ஸ்டாப்பைத் தாண்டி. பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள். அடுத்த நட்சத்திரம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். 4,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போனாலும் போதாது.

இன்னொன்றும் அங்கேயே காட்டலாம். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலைக் கேழ்வரகிலிருந்து சுவரில் இருக்கும் சூரியன் பக்கமாக நீட்டுங்கள். ஸ்கேல் முடிகிற இடத்தில்தான் சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 இருக்கிறது, நிஜத்தில் 15 லட்சம் கிலோமீட்டர். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவினார்கள். அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். படத்தைச் சுவரில் மாட்டி "இவரைப் போல் ஆகுங்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஸ்கேலை நீட்டிப் பிடித்திருக்கும் நேரத்தில் சொல்லிப் பாருங்கள், வேறு மாதிரி கேட்பார்கள்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் பையன்களே கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி நோட்டோடு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். ஆகவே பையன்களைத் திட்டி மட்டும் பிரயோஜனம் இல்லை. நான் சீட்டுக் குலுக்குவேன். கண்ணாடி, டேப், கடிகாரம், நோட்டு என்று நாலு சீட்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சீட்டு கை மாறும். நோட்டுச் சீட்டு வந்தவள் கிறுக்கலாக எழுதினாலும் கேட்க மாட்டேன். சொல்லப்போனால் தலைப்புக்குக் கலர் அடிக்கக்கூடாது என்றே சட்டம் போட்டேன். முதலில் ஒரு மாதம் பெண் பிள்ளைகளைத் தனிக் குழுவாக விடுங்கள், அப்புறம் கலக்கலாம். கண்ணாடியைச் சாய்க்கக் கை பழகிவிட்டால், பிடுங்க வருகிறவனை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

---

ரெண்டு பொண்ணு அப்பா பதில்:

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை, மெக்கானிக். ஒரு சந்தேகம். பிள்ளைகள் தொலைநோக்கியைத் தேடி ஏன் வர வேண்டும்? அது 114 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஆளே தூக்கலாம். பைக்கில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். மாதம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கூட்டம் முடிகிற நேரத்துக்கு மந்தையில் கொண்டுபோய் வையுங்கள். அம்மாக்கள் முதலில் பார்க்கட்டும். நிலாவின் குழிகளைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரியே "இன்னொரு தடவை காட்டுங்க" என்று வரிசையில் மறுபடியும் போய் நின்றாள். அம்மா பார்த்துவிட்டால் அதற்கப்புறம் மகளைத் தடுக்க மாட்டார்.

தெருவிளக்கை மட்டும் அரை மணி நேரம் அணைக்கச் சொல்லி ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

---

குறுஞ்சேதி பதில்:

இதெல்லாம் நல்லதுதான், ஆனால் கண்ணாடியும் கேழ்வரகும் எத்தனை நாளைக்கு? இப்போது பள்ளிப் பிள்ளைகள் செயற்கைக்கோளே செய்கிறார்கள். ஆசாதிசாட் நினைவிருக்கிறதா? 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. நம் திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். உங்கள் பள்ளியையும் அந்த மாதிரித் திட்டம் எதிலாவது சேர்க்கப் பாருங்கள். பெயர் வரும், பேப்பரில் வரும், மற்ற பெற்றோரும் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

---

நிழல்கோல் பதில்:

தம்பி, கிடைத்தால் விடக்கூடாது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் ஓட்டத்தில் அந்தச் செயற்கைக்கோள் போனது. ராக்கெட் சரியான சுற்றுப்பாதையில் விடாததால் வீணாயிற்று. அடுத்த பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 வெற்றிகரமாகப் போனது. ஒருமுறை விழுந்ததையும் மறுபடி செய்ததையும் சுமார் ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அந்தப் பாடத்தை என்னால் வகுப்பில் நடத்த முடியாது.

ஆனால் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 750-ஐ 75-ஆல் வகுத்தால் பள்ளிக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் யார் என்று எந்தப் பள்ளியிலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: முதல் பெஞ்ச், முதல் ரேங்க். டீச்சர் கேட்பது மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்காக. ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு முதலில் கண்ணாடி, அப்புறம் செயற்கைக்கோள்.

டீச்சர், விட்டுப்போனது ஒன்று: பகல் நிலா. தினசரி காலண்டரில் தேய்பிறை அஷ்டமி என்றைக்கு என்று பாருங்கள். அன்றைக்குக் காலை பிரேயர் நேரத்தில் மேற்கே பாதி நிலா வெள்ளையாக நிற்கும். ஒரு எலுமிச்சம்பழத்துக்குச் சுண்ணாம்பு பூசிக் குச்சியில் குத்தி, வெயிலில் நின்று, நிலா இருக்கும் திசையில் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமாக இருக்கிறதோ, பழத்திலும் அதே பாதி. பிறை ஏன் வருகிறது என்பதற்குப் பூமியின் நிழல் என்று எழுதுகிற பிள்ளைகள் பாதிப் பேராவது இருப்பார்கள். பழத்தைப் பிடித்தவள் அப்படி எழுத மாட்டாள். வளர்பிறை அஷ்டமிக்கு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கிழக்கே பார்க்கலாம்.

---

மொட்டைமாடி ஆன்டெனா பதில்:

வணக்கம் மேடம். நான் சென்னையில் இசிஇ மூன்றாம் வருஷம். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம், அதனால் அந்தக் கடைசி பஸ் கதை எனக்கு நன்றாகவே தெரியும்.

நிழல்கோல் மேடம் பகல் வானம் சொன்னார்கள். நான் காதால் கேட்கிற வானம் சொல்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. கண்ணால் பார்க்க அந்தி நேரமோ விடியற்காலையோ வேண்டும். ரேடியோவில் பிடிக்க வேளை எதுவும் தேவையில்லை, நட்டநடு மத்தியானத்திலும் கேட்கும். அதில் இருக்கும் அமெச்சூர் ரேடியோ 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். சில சமயம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் படங்களை ஒலியாக அனுப்புவார்கள். கேட்டால் கீச்சுக் கீச்சென்று விசில் மாதிரி இருக்கும். போனில் ரோபாட்36 என்ற செயலியைத் திறந்து ரேடியோ பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு வரியாகப் படம் இறங்கும். ஒரு படம் வர இரண்டு நிமிஷம். பாதிப் படத்தில் சிக்னல் போய்விட்டால் மீதி வெறும் புள்ளியாக இருக்கும். அந்தப் பாதிப் படத்தைத்தான் எங்கள் ஹாஸ்டலில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆன்டெனா வாங்க வேண்டாம், செய்யலாம். பிவிசி குழாய், பழைய ஸ்டீல் அளவு டேப், கொஞ்சம் கோஆக்சியல் கேபிள். டேப்பைத் தகரக் கத்தரியால் வெட்டிக் குழாயில் மாட்ட வேண்டும், முனையில் சால்டரிங் வைக்க வேண்டும். டேப்பில் இருக்கும் பெயின்டைச் சுரண்டாமல் வைத்தால் ஈயம் ஒட்டவே ஒட்டாது, அதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு ஆன்டெனாவுக்கு நாலு பேர் வேண்டும்: ஆன்டெனாவைக் காட்டுகிறவள், ரேடியோவைத் திருப்புகிறவள், போன் பிடிக்கிறவள், நிலையம் இப்போது எந்தத் திசையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்கிறவள். நிலையம் நேராகத் தலைக்கு மேலே போனாலும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நோட்டு எழுத நேரமே இருக்காது மேடம்!

நிலையம் நெருங்கும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும், விலகும்போது கீழே இறங்கும். ரேடியோவைத் திருப்புகிறவள் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். டாப்ளர் விளைவை எனக்குக் காலேஜில் நடத்துவதற்கு முன்னாலேயே விரல் கற்றுக்கொண்டது.

உங்கள் 3,000 ரூபாயில் ரேடியோவும் சேர்த்து வாங்குவது கஷ்டம். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் இசிஇ துறையில் கேளுங்கள், ஒரு நாளைக்குக் கொடுப்பார்கள், கூடவே இரண்டு அக்காக்களையும் அனுப்புவார்கள். கேட்பதற்கு மட்டும்தான் இதெல்லாம். நாம் பேச வேண்டும் என்றால் அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும், 12 வயது ஆனால் தேர்வு எழுதலாம். உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் வயசு தாண்டிவிட்டது.

ஒரு சின்னக் கொசுறு: அந்தக் கேழ்வரகு அளவில் விண்வெளி நிலையம் எவ்வளவு உயரம் தெரியுமா? 0.04 மில்லிமீட்டர். மெல்லிய தலைமுடியின் கனம்.

---

மாடவீதி டீச்சர் பதில்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் சொன்னதை எங்கள் ஹெச்எம்மிடம் காட்டினேன். மந்தையில் வைக்கலாம், தான் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். தை பிறந்ததும் இரண்டு ஊர்.

கண்ணாடி இன்றைக்கே செய்து பார்த்தோம். எங்கள் வகுப்பறையில் 15 மீட்டர் கிடைக்கவில்லை, வராந்தாவையும் சேர்த்து 11 மீட்டர். பிம்பம் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கணக்குப் போட்டது ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் பின் பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளை. வட்டம் நகர்ந்ததும் ஸ்டூல் கால் ஆடுகிறது என்று சொல்லி அட்டை மடித்து வைத்தார்கள், அப்புறமும் நகர்ந்தது. இன்னும் காரணம் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை பார்ப்போம்.

நிழல்கோல் அம்மா, உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும் நிழலில்லா நாள் பற்றி ஒரு கேள்வி. அது ஏப்ரலில் வரும்போது எங்களுக்குத் தேர்வு நேரம். ஆகஸ்டில் செய்யலாமா? இரண்டு பள்ளிகள் சேர்ந்து செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்தேன்.

---

நிழல்கோல் பதில்:

தாராளமாக. காரைக்குடிக்கு ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி வரும், மத்தியானம் 12.16 மணி வாக்கில். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் குச்சிக்கு நிழல் விழாது. அதே நாள் சென்னையில் 1 மீட்டர் குச்சிக்கு வடக்கே 5 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். கன்னியாகுமரியில் அளந்தால் நிழல் தெற்கே திரும்பியிருக்கும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய அதிசயம்.

நீங்கள் படித்த சோதனை இதுதான், இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவை அளப்பது. சென்னையின் 5 சென்டிமீட்டர் சுமார் 3 டிகிரி. முழு வட்டத்துக்கு அது 120 மடங்கு. இரண்டு ஊருக்கும் நேர் வடக்கு தெற்காக உள்ள தூரம் 335 கிலோமீட்டர். பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,200 வரும். உண்மையான அளவு 40,000 கிலோமீட்டர். பஸ் போகிற தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், அது 400-ஐத் தாண்டும், விடை ஊதிப்போகும். வரைபடத்தில் அட்சரேகை பார்த்து எடுக்க வேண்டும்.

மேகம் வந்தால் அடுத்த நாள் எடுக்கலாம். ஒரு நாளைக்கு உங்கள் நிழல் 6 மில்லிமீட்டர்தான் மாறும். இரண்டு ஊரிலும் ஒரே நாளாக இருந்தால் போதும், அன்று உங்கள் ஊரில் விழுகிற கோணத்தையும் சேர்த்தோ கழித்தோ கொள்ளலாம். சென்னையில் அளக்க ஒரு பள்ளி பிடியுங்கள்.

---

மொட்டைமாடி ஆன்டெனா பதில்:

பள்ளி கிடைக்கும்வரை நான் இருக்கிறேன் மேடம். ஹாஸ்டல் மொட்டைமாடியில் குச்சி வைத்து அளந்து அனுப்புகிறேன். ரூம்மேட் இரண்டு பேரையும் இழுத்துக்கொள்கிறேன். சரியாக 12.16-க்கு எடுக்க வேண்டுமா? குச்சி சரியாக 1 மீட்டர் இருக்க வேண்டுமா?

---

நிழல்கோல் பதில்:

இரண்டும் வேண்டாம் கண்ணு. சென்னை கிழக்கே இருப்பதால் உனக்கு உச்சி 12.10-க்கே வந்துவிடும். பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வை, எது குறைந்ததோ அதை அனுப்பு. குச்சி எவ்வளவு உயரமோ அதையும் அளந்து எழுது. நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள், குச்சி ஒரு டிகிரி சாய்ந்தாலும் டீச்சர் பிள்ளைகளின் பூமி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மாறிப்போகும்.